கண் தெரிய ஒரு படம்

பதருன்னிசாவின் கைபேசியில் இடம் தீர்ந்துவிட்டது. அது அப்படித் தீர்கிற பேசியே இல்லை. அதில் ஒரு பாட்டு கிடையாது, ஒரு வீடியோ கிடையாது. மகன் கூடுவாஞ்சேரியிலிருந்து கூப்பிட்டால் பேசவும், மகள் சிறுசேரியில் பஸ் ஏறிவிட்டேன் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளவும் மட்டுமே இருந்த பேசி. அன்று சாயங்காலம் நஜ்மா வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நஜ்மா, இது இன்னாமோ எடம் இல்ல எடம் இல்லன்னுது. வந்து பாரு."

நஜ்மா வாங்கிப் பார்த்தாள். நூற்றுக்கணக்கில் படங்கள். எல்லாம் ஒரே படம். சாம்பல் நிறத் தண்ணீர், சேற்றில் நட்ட ஒரு கம்பு, கம்பின் முனையில் நீலமாய் ஒரு கறை. சிலவற்றில் கறை இல்லை, கம்பு மட்டும் நின்றது. சிலவற்றில் கறுப்புத் துணி பாதியை மறைத்திருந்தது. ஒன்றில் அம்மாவின் கட்டைவிரல் மட்டும்.

"இன்னாம்மா இது, இவ்ளோ?"

"அது உக்காந்துகினு இருந்துச்சு. எடுத்தா விழ மாட்டுது."

"எது?"

அம்மா சிரித்தாள். அத்தா, அவள் அப்பா, இறந்துபோன பிறகு அம்மா சிரித்து நஜ்மா பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதனால் அவள் திட்டவில்லை. எதையும் அழிக்காமல் மெமரி கார்டு ஒன்று வாங்கிப் போட்டுக் கொடுத்தாள்.

அத்தா கியாசுதீன் மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சமோசா விற்றவர். கோவளத்து வீட்டில் அம்மா விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, மடித்து, பொரித்துக் கொடுப்பாள். அவர் இரண்டு பெரிய தூக்குவாளிகளில் அடுக்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பார். ஊரில் அதற்குப் பெயர் பாய் சமோசா. செய்கிற கை யாருடையது என்று தின்றவர்கள் யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நஜ்மா. படிப்பு அவளுக்கு வேலையைக் கொடுப்பதற்கு முன்பே கோபத்தைக் கொடுத்துவிட்டது. கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஒருநாள், அம்மாவின் முழங்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "இதுக்குப் பேரு பதருன்னிசா சமோசான்னு போர்டு வைங்க" என்று அத்தாவிடம் சொன்னாள். அவர் அது நல்ல தமாஷ் என்று நினைத்தார். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அடக்கம் முடிந்த அன்றே மைமூன் பெரியம்மா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். அம்மாவுக்கு அக்கா. இத்தா என்றால் நாலு மாதம் பத்து நாள்; புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அதுவரை நஜ்மாவுக்கும் தெரியும். ஆனால் பெரியம்மா தன் பழைய பர்தா இரண்டை ஒன்றாகத் தைத்து, உள்ளறையின் ஒரே ஜன்னலுக்கு மேலிருந்து கீழ்வரை ஆணி அடித்து மாட்டிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே கழி. கடலிலிருந்து உள்ளே நுழைந்து தென்னைகளுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிற உப்புத் தண்ணீர். முன்பெல்லாம் அதில் வலை வீசுகிறவர்கள்தான் போவார்கள். இப்போது ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு, துடுப்புப் படகில், எந்த ஊர் ஆட்களோ போகிறார்கள்.

"போட்ல போறவன் வூட்டுக்குள்ள பாப்பான்டி," என்றாள் பெரியம்மா.

"பாத்துட்டுப் போறான். எங்கம்மா இன்னா ஜன்னல்ல டான்ஸா ஆடிகினு கீது?"

"வாயப் பாரு. நாலு எழுத்துப் படிச்சிட்டா."

"நாலு எழுத்து இல்ல பெரிம்மா, டிகிரி."

நஜ்மா சும்மா விடவில்லை. மதரஸாவில் பாடம் சொல்லும் ஆலிமாவிடம் போய்க் கேட்டு வந்தாள். ஜன்னலை அடைக்கச் சொல்லி எங்கேயும் இல்லை என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள். பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். "அது நேத்துப் பொறந்த புள்ள. நா எங்க வகையறால எத்தினி பேர இத்தா இருக்க வெச்சவ." பர்தா அப்படியே தொங்கியது. அம்மா வாயே திறக்கவில்லை. அந்த வாய் திறக்காமைதான் நஜ்மாவை எரித்தது. கறுப்புத் துணிக்குப் பின்னால், வெள்ளைப் புடவையில், ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள். யார் எது செய்தாலும் சரி என்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அவளைக் கட்டிலில் தன் பக்கத்தில் படுக்கச் சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"செவுத்தப் பாரு."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு பழகப் பழக, ஜன்னலுக்கு எதிரே இருந்த சுவரில் ஏதோ அசைந்தது. சுவரின் மேல்பாதி முழுக்கத் தண்ணீர். தண்ணீர் கூரையோரம் மினுங்கிக்கொண்டு இருந்தது. அதற்குக் கீழே தென்னை மரங்கள் தலைகீழாகத் தொங்கின. தரையை ஒட்டி வானம். ஒரு துடுப்புப் படகு கவிழ்ந்தபடியே, ஆரஞ்சு ஆட்களைக் கீழே கொட்டாமல், சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வழுக்கிப் போனது. சத்தம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. துடுப்பு நீரில் விழுகிற சத்தம் ஒரு பக்கம், படகு இன்னொரு பக்கம்.

பர்தாவில் ஆணி கிழித்த சின்ன ஓட்டை ஒன்று. அதன் வழியாக வருகிற வெளிச்சம்தான். எட்டாம் வகுப்பில் ஊசித்துளைக் காமிரா என்று படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள் நஜ்மா. அந்தப் பெட்டிக்குள் ஆள் படுத்துக் கிடக்கலாம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

"தெனமும் வருமா?"

"மத்தியானத்துல, வெயில் இருந்தா. மொத மொத அது இங்கதான் வந்துச்சு." அம்மா சுவரில் ஓர் இடத்தைக் காட்டினாள். "வவ்வாலு மாரித் தலகீழாத் தொங்கினு இருந்துச்சு. நீலமா. இன்னாடா இது வூட்டுக்குள்ளன்னு பயந்துட்டேன். அப்பறந்தான் வெளிய கீதுன்னு தெரிஞ்சுது. எட்டிப் பாக்க வழி வேணுமே."

இரண்டு பர்தாக்களையும் சேர்த்த தையலில் ஒரு விரல் நீளத்துக்கு நூலைப் பிரித்து வைத்திருந்தாள். நஜ்மா அதில் கண்ணை வைத்தாள்.

கழி பளீரென்று திரும்பவும் நேராக நின்றது. ஜன்னலிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, யாரோ எப்போதோ வலை கட்ட நட்டு மறந்துபோன கம்பு. அதன்மேல் அது. தலை முழுக்கக் கறுப்பு. கழுத்தைச் சுற்றி வெள்ளை. முதுகு, இந்த உலகத்தில் எதற்கும் தேவையில்லாத ஒரு நீலம். வயிறு செம்மண். அலகு நீளமாக, வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்திருந்தது. அது எதையும் செய்யவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு கம்பிலிருந்து ஒரு துண்டு நீலம் கழன்று விழுந்தது போலச் சரிந்து, சேற்றிலிருந்து ஒரு நண்டோடு எழும்பி, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. அலுவலகத்தில் பிடிக்காத மேனேஜர், அண்ணன், பெரியம்மா, ஒருவரும் அந்த விரல் நீள ஓட்டைக்குள் நுழையவில்லை.

கைபேசியில் தேடிப் பார்த்தாள். "கருந்தலை மீன்கொத்திம்மா. மழைக்கு வந்துட்டு வெயில் ஏறும்போது போயிடுமாம். ரொம்ப கூச்சப்படுமாம், ஆளக் கண்டா நிக்காதாம்."

"பேரு இருக்கட்டும். நா மாப்ளன்னு கூப்புடறேன். தொப்பிய பாரு, கோட்ட பாரு, கழுத்துல துண்டு. நிக்காஹ்க்கு வந்து பொண்ணு வூட்டு வாசல்ல உக்காந்தவனாட்டம்."

"இத்தாவுல உக்காந்துகினு மாப்ள பாக்கறியா நீ?"

"போடி கயுத." அம்மா மறுபடி சிரித்தாள்.

தைமாதக் கடைசியில் தௌசிஃப் வந்தான். நஜ்மாவுக்கு அண்ணன். கூடுவாஞ்சேரியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். பள்ளியைப் பாதியில் விட்டுச் சம்பாதிக்கப் போனவன், அதனால் எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் சொல்வான். இத்தா முடிந்ததும் அம்மா அவனோடு கூடுவாஞ்சேரிக்கு வந்துவிட வேண்டும். இந்த வீட்டை அலைச்சறுக்கு சொல்லிக் கொடுக்கிற ஆட்கள் வாடகைக்குக் கேட்கிறார்கள். அவன் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான். நஜ்மா? அவள் ஹாஸ்டலில் இருந்துகொள்வாள்.

"நா இருந்துப்பேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"பின்ன இங்க தனியா இருப்பியா? அம்மாவையே கேளு."

அம்மா உள்ளறையிலிருந்து சொன்னாள், "சரிப்பா."

அவன் போன பிறகு நஜ்மா உள்ளே வந்து நின்றாள். அம்மா ஓட்டையில் கண் வைத்திருந்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"அங்க ஜன்னல்ல இன்னா தெரியும்?"

"எதிர் வூட்டு ஜன்னல்."

"அப்ப போறதுக்குள்ள ஒரு படம் எடுத்துக் குடு நஜ்மா. தெளிவா. கண்ணு தெரியணும். அத வெச்சிப் பாத்துகினு இருந்துடுவேன்."

"கண்ணு எதுக்கு?"

"கண்ணு தெரியாட்டி அது வெறும் கறைதான?"

அம்மா இதுவரை தன்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது நஜ்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. புடவை கேட்டதில்லை, வளையல் கேட்டதில்லை, ஒரு நாள் ஓய்வு கேட்டதில்லை. கேட்ட முதல் பொருள் ஒரு குருவியின் கண்.

கல்லூரித் தோழி ரெஜினா படாளத்துக்காரி. கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிறவள். தவக்காலம் தொடங்கிவிட்டதால் சர்ச்சுக் கல்யாணம் கிடையாது, கேமரா சும்மாதான் கிடந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸோடு அதைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "கறுப்புத் தலையில கறுப்புக் கண்ணு. சாமானியத்துல வராது. வெளிச்சம் முன்னாடிலேந்து மூஞ்சில அடிக்கணும், அது இந்தப் பக்கம் திரும்பணும். காலையில பாரு. லென்ஸ ஒடச்ச, உன்ன ஒடச்சுடுவேன்."

சனிக்கிழமை காலையே நஜ்மா கட்டிலில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். லென்ஸின் வாய் சமோசாத் தூக்கின் மூடி மாதிரி அகலம். ஓட்டையோ ஒரு விரல். கேமரா கண்ணை எங்கே வைத்தாலும் துணியைத்தான் பிடித்தது. பறவை வந்தது, உட்கார்ந்தது, இந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தது. படத்தில் கறுப்பு நூல்கள் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தன. நஜ்மா தையலை இன்னும் கொஞ்சம் பிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பெரியம்மா வந்தாள்.

"இன்னாடி இது, பீரங்கி?" அப்புறம் பிரிந்த தையலைப் பார்த்தாள். போய் ஊசி நூலோடு வந்தாள்.

"தைக்காதீங்க பெரிம்மா."

"தள்ளு."

"தைக்காதீங்கன்றேன்."

"உங்கம்மாவுக்கு இன்னும் நாளு முடியல. ஊரு சிரிக்க வெக்காத, தள்ளு."

நஜ்மா தள்ளவில்லை. அத்தாவின் தூக்கு, அண்ணனின் வாக்கு, அம்மாவின் சரிப்பா, எல்லாம் சேர்ந்து அவள் கைக்கு வந்தன. இரண்டு கையாலும் பர்தாவைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். ஆணிகள் காரையோடு பெயர்ந்து கட்டிலில் கொட்டின. அறைக்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டு நுழைந்தது. சுவர் வெறும் சுவராக நின்றது. அதில் எண்ணெய்க் கறையும் பழைய காலண்டர் ஆணியும் தவிர ஒன்றுமில்லை.

கம்பிலிருந்து நீலக் கோடு ஒன்று கிளம்பி, கழியைக் கிழித்துக்கொண்டு போய், தென்னைகளுக்குள் மறைந்தது.

"பாரும்மா, இப்ப நல்லாப் பாரு," என்றாள் நஜ்மா. "முழு ஜன்னலும் உனுதுதான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு முந்தானையை முகத்துக்கு இழுத்தாள். படகில் போன ஒருவன் துடுப்பைத் தூக்கி, "ஹாய் ஆன்ட்டி" என்றான்.

அன்று பறவை திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. நஜ்மா கேமராவோடு ஜன்னலில் நின்றே இருந்தாள். தூரத்தில், அக்கரையில் எங்கேயோ ஒரு கிறீச்சிடல் கேட்கும். பார்த்தால் பனைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா பர்தாவை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் ஓதிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது தெருமுனையிலேயே வாசனை அடித்தது. வெங்காயம் வதங்குகிற வாசனை. நஜ்மா ஓடினாள். அடுப்படியில் அம்மா, வெள்ளைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? யாருக்கு?"

"பக்கத்து வூட்டு அம்சாவுக்கு. அவ பொண்ணுக்கு வளைகாப்பாம். ஜன்னலாண்ட வந்து நின்னுகினு, பதருக்கா, உன் கை சமோசா இல்லாமயான்னா. இன்னா சொல்றது?"

"முடியாதுன்னு சொல்றது."

அம்மா சப்பாத்திக் குழவியைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசவில்லை. ஒன்றை மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்தவள் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"எனக்குச் சொல்ல வராது நஜ்மா. அந்தத் துணி சொல்லிகினு இருந்துச்சு. உள்ள கீறா, இத்தா, கூப்புடாதன்னு எல்லாரும் அப்டியே போயிடுவாங்க. கல்யாணமாகி வந்ததுலேந்து பதரு பதருன்னு யாராவது கூப்டுகினேதான் இருந்தாங்க. உங்கத்தா போய்த்தான் எனக்கு ஒரு ரூம்பு கெடச்சுது. இப்டி சொல்றது தப்போ இன்னாவோ, அல்லா மன்னிக்கட்டும். அவருக்காவ நா அழுவலன்னு நெனைக்காத. அழுதுட்டு அந்தத் தண்ணியப் பாத்துகினு இருப்பேன். ஒருத்தரும் வர மாட்டாங்க. அது மட்டும் வரும். நீ கயட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்ட."

நஜ்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். அவள் மடித்ததெல்லாம் வாய் பிளந்துகொண்டது. அம்மா ஒவ்வொன்றையும் வாங்கி மறுபடி ஒட்டினாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நஜ்மா ரெஜினாவைப் பேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு.

"லூசாடி நீ? பறவ எடுக்கறவன்லாம் துணிக்கூடாரம் வாங்கி, அதுக்குள்ள ஒளிஞ்சுகினு, முதுகு ஒடிய உக்காருவான். துணில ஓட்டயப் போட்டு லென்ஸ விடுவான். உங்க பெரிம்மா அத ரெடி பண்ணி ஆணி அடிச்சே குடுத்துருக்கு. நீ கிழிச்சுட்டு வந்து நிக்கற."

"எங்கம்மாவ அடச்சு வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

"அம்மாவக் கேட்டியா?"

நஜ்மா பேசியை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுத்தியலோடு நின்றுகொண்டு, "பெரிம்மா, அந்தப் பர்தாவக் குடுங்க" என்றாள். பெரியம்மா தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு முன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயா மாட்டற?"

"நாந்தான். ஆணி குடுங்க."

பெரியம்மா ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுத்தாள். கடைசி ஆணி இறங்கியதும் அம்மா கத்தரிக்கோலோடு கட்டிலில் ஏறினாள். துணியை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, நடுவில், லென்ஸ் வாய் அளவுக்கு வட்டமாக நறுக்கினாள்.

"ஏய், என் பர்தாடி அது."

"பழசுதானேக்கா."

"பழசுன்னா? நறுக்கறதுன்னாலும் ஒயுங்கா நறுக்க வேணாமா? ஓரம் பிரிஞ்சுகினே போவும், தள்ளு." பெரியம்மா ஊசியில் நூலைக் கோத்து, வட்டத்தைச் சுற்றி மடித்துத் தைத்தாள். தைத்து முடித்ததும் கேமராவை வாங்கி லென்ஸை நுழைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. "இப்ப ஒருத்தனும் உள்ள பாக்க முடியாது," என்றாள், வெற்றி தனதே என்பது போல.

சாயங்காலம் ரெஜினா வந்து அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்தப் பொத்தான், எப்போது மூச்சை நிறுத்துவது, சத்தமில்லாமல் எடுக்க எங்கே மாற்றுவது. அம்மாவின் கை நடுங்கவே இல்லை. கொதிக்கிற எண்ணெய்க்கு மேல் பழகிய கை. முதலில் கம்பை எடுத்தாள். பிறகு கரையில் நின்ற கொக்கை, சேற்றில் ஓடிய நண்டை, காற்றில் சாய்ந்த கோரையை. எல்லாம் தெளிவாக விழுந்தன. பறவைதான் வரவில்லை.

இத்தாவின் மிச்ச நாட்கள் அப்படியே கரைந்தன. மத்தியானங்களில் வட்டத்தை ஒரு துணிப்பந்தால் அடைத்துவிட்டு மூன்று பேரும் படுத்துக் கிடப்பார்கள், நஜ்மா வீட்டிலிருந்தால். பழைய ஆணி ஓட்டை வழியே தலைகீழ்க் கழி சுவரில் வந்து மினுங்கும். பெரியம்மா முதல் நாள் "மாயாஜாலம்" என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் நல்ல இடமாகப் பார்த்துத் தலையணை போட்டுக்கொண்டாள். தண்ணீர் கூரையில் ஓடும். தென்னைகள் கீழே வளரும். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். நஜ்மாவுக்கு, தான் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று தெரியாது. தண்ணீருக்கு அடியில் கிடந்து மேலே பார்க்கிற மாதிரி இருக்கும். அப்படி ஒரு மத்தியானம், தூரத்து மரத்தின் கிளைக்குக் கீழே நீலமாய் ஒரு துளி தொங்கியது. அடுத்த நாள் அந்தத் துளி இன்னும் கொஞ்சம் கிட்டே தொங்கியது.

இத்தா முடிந்த மறுநாள் காலை தௌசிஃப் குட்டியானைச் சரக்கு வண்டியோடு வந்துவிட்டான். பெரியம்மா அம்மாவைக் குளிக்கச் செய்து, தான் வாங்கி வைத்திருந்த இலைப்பச்சைப் புடவையைக் கட்டிவிட்டிருந்தாள். கூடத்தில் அவன் பாத்திரங்களைச் சாக்கில் போடுகிற சத்தம்.

"அம்மா, ரெடியா? வெயிலுக்கு முன்னாடி கெளம்பணும்."

அம்மா பச்சைப் புடவையோடு கட்டிலில் முழங்கால் போட்டிருந்தாள். கண் கேமராவின் பின்திரையில். வெளியே, கிட்டத்துக் கம்பில், அது உட்கார்ந்திருந்தது.

"அம்மா, கூப்புடறேன் பாரு."

அவன் அறைக்குள் காலை வைக்கப் போக, வாசலில் பெரியம்மா கையைக் குறுக்கே நீட்டினாள். "உள்ள போவாத. உங்கம்மா வேலையா கீறா."

நஜ்மா கட்டிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேமராவின் பின்திரையைப் பார்த்தாள். காலை வெயில் நீலத்தின்மேல் விழுந்திருந்தது. தலை மட்டும் ஒரு கறுப்பு ஓட்டை மாதிரி இருந்தது. அது அக்கரையைப் பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. பின்னால் தௌசிஃபின் மூச்சுச் சத்தம். அம்மா மூச்சுவிடுவதாகவே தெரியவில்லை. பிறகு எதற்கென்று இல்லாமல், தெருவில் போகிறவர் ஒரு வீட்டைத் திரும்பிப் பார்ப்பது போல, பறவை இந்தப் பக்கம் திரும்பியது.

அம்மாவின் விரல் அசைந்தது.

அது எழும்பிப் போன பிறகுதான் அம்மா கேமராவிலிருந்து முகத்தை எடுத்தாள். நஜ்மா படத்தைப் பெரிதாக்கினாள். கறுப்புத் தலைக்குள், பழுத்த புளியங்கொட்டை நிறத்தில், ஒரு வட்டம். அதன் நடுவில் வெயிலின் ஒரு பொட்டு. அது யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "கண்ணு," என்றாள்.

தௌசிஃபும் எட்டிப் பார்த்தான். "நெஜமாவே நீதான் எடுத்தியா? சூப்பராக் கீதும்மா. ஆசப்பட்டது கெடச்சுதில்ல? வா, கெளம்பலாம்."

"நஜ்மா, அத இவன் போனுக்கு அனுப்பு."

நஜ்மா கேமராவிலிருந்து தன் பேசிக்கு வாங்கி அவனுக்கு அனுப்பினாள். அவன் சட்டைப் பையில் பேசி டிங்கென்றது.

"வந்துச்சா?" என்றாள் அம்மா. "கூடுவாஞ்சேரிக்கு எடுத்துகினு போ. நா இங்கயே பாத்துக்கறேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "இன்னாம்மா வெளாடற? வாடகைக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"குடுத்தது நீதான? நீயே போய்ச் சொல்லிடு."

"தனியா எப்டி இருப்ப?"

"நஜ்மா கீறா."

நஜ்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் தன்னைப் பற்றி முடிவெடுத்ததற்கு அவள் கோபப்படாத முதல் தடவை அது.

"அந்தக் குருவிக்காவயா? அதுவே வெயில் வந்தா போயிடும்னு இவதான சொன்னா."

"போவட்டும். மழைக்கு வரும். வந்து உக்காந்து பாக்கறப்ப வூட்ல யாராவது இருக்க வேணாமா?"

தௌசிஃப் பெரியம்மாவைப் பார்த்தான். இந்த வீட்டில் தன் பக்கம் பேசக்கூடியவள் அவள்தான் என்பது அவன் கணக்கு. பெரியம்மா சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை வெளியே எடுக்க ஆரம்பித்திருந்தாள். "சாய் குடிச்சிட்டுப் போ," என்றாள் அவனிடம். "உங்கம்மா போட மாட்டா. நா போடறேன்."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நஜ்மா வாசலுக்கு வந்தாள்.

"ஏத்தறதுக்கு ஒண்ணுமில்ல அண்ணாத்த."

"இன்னாம்மா, அவ்ளோ தூரத்துலேந்து வந்துருக்கேன். காலி வண்டியாவா போறது?"

"ஆமா. காலியாத்தான்."

சாயைக் குடித்துவிட்டு தௌசிஃப் வெளியே வந்தான். தங்கையைப் பார்க்காமல் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். கிளம்பச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேசியை எடுத்துத் திறந்தான். நஜ்மா நின்ற இடத்திலிருந்தே அந்த நீலம் தெரிந்தது.

வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து சாய்ந்து எட்டிப் பார்த்தார். "இன்னா பாய் இது, பெயின்ட் அடிச்சா மாரி. எங்க கெடச்சுது?"

தௌசிஃப் கட்டைவிரலால் கண்ணைப் பெரிதாக்கினான்.

"எங்கம்மா எடுத்தது," என்றான்.